தெத்துப்பல்

பாயான் லெப்பாஸில் பதினெட்டு வருஷமாக
பூதக்கண்ணாடிக்குக் கீழே கம்பி பார்க்கிறேன்,
தலைமுடியைவிட மெல்லிய கம்பி.
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருந்தால்
சிவப்புத் தட்டில் போட்டுவிட வேண்டும்.
என் வாயைத்தான்
நாற்பத்து மூன்று வயதுவரை யாரும்
அப்படிப் பார்த்ததில்லை.

டாக்டர் ஊய் பார்த்தார்.
ஈறின் ஓரமாக ஊசிபோல் ஒன்றை இறக்கி
எண்களைச் சொல்லிக்கொண்டே போனார்.
மூன்று, மூன்று, இரண்டு, மூன்று.
அந்தப் பல்லருகே வந்ததும் ஆறு.
எழுதிக்கொண்டிருந்த தாதி
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அந்தப் பல்,
கூப்பிடாமலே வரிசையைவிட்டு
முன்னால் வந்து நின்ற பள்ளிப் பிள்ளை மாதிரி.
தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்றார்கள்.
பெண் பார்க்க வந்த குணசீலன்
அதைப் பார்த்துத்தான் தலையாட்டினானாம்,
இன்றுவரை சொல்லிக் காட்டுவான்.
அதிர்ஷ்டத்துக்குப் பின்னால்
பிரஷ் நுழையாத ஓர் இடுக்கு இருந்தது.
வெற்றிலை போடாமலே
காலையில் சிவப்பாகத் துப்பினேன்.
உடம்புச் சூடு என்று
இளநீர் வாங்கிக் குடித்தேன் பல வருஷம்.

இந்த வயசில் அழகுக்கா என்று
கேன்டீனில் கேட்டார்கள்.
ஹயாத்தி மட்டும் கேட்கவில்லை.
ரெலாவ் ஃபிளாட் ஒன்றில், யாரோ ஒருத்தியிடம்,
இருநூறு ரிங்கிட்டுக்குக் கலர் கம்பி ஒட்டிக்கொண்டு
மூன்றாம் வாரம் கன்னம் வீங்கி வந்தவள் அவள்.
"சுவரில் லைசென்ஸ் மாட்டியிருந்ததா?"
அவ்வளவுதான் கேட்டாள்.

உடனே கம்பி கிடையாது.
ஈறு முதலில் ஆறட்டும் என்றார் டாக்டர்,
நோயோடு இழுத்தால்
இருக்கிற எலும்பும் போய்விடும்.
நான்கு முறை சுரண்டினார்.
பல் தேய்க்க, இந்த வயசில், மறுபடி கற்றேன்.
"கடைவாய்ப் பல்லெல்லாம் தேய்ந்திருக்கிறதே,
ராத்திரியில் பல்லைக் கடிப்பாயா?"
வீட்டுக் கடன், ஓவர்டைம், கொழுந்தன் கல்யாணம்,
பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்தவளிடம் கேட்கிறார்.
"ராத்திரி மட்டுமா" என்றேன் தமிழில்.
அவருக்குப் புரியவில்லை.

அப்புறம்தான் கம்பி.
வேர்விட்ட பல் எப்படி நகரும்?
ஒரு பக்கம் எலும்பு கரையும்,
மறுபக்கம் புதிதாக வளரும்,
பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னார்.
அன்றிரவு நான் தூங்கவில்லை.
எனக்குள் கரைந்துகொண்டிருக்கிறது எலும்பு.
எனக்குள் வளர்ந்துகொண்டிருக்கிறது.
பக்கத்தில் இவன் குறட்டை.

இருபதாம் மாதம், ஒரு புதன்கிழமை,
ஷிப்ட் முடிந்து வந்து குளியலறையில்
கம்பிக்கு அடியில் நூலைக் கோத்து
அந்த இடுக்கில் வைத்தேன்.
எப்போதும் பஞ்சாய்ப் பிரிந்து
அறுந்துபோகிற நூல்
டக்கென்று உள்ளே இறங்கியது.
திரும்பி வந்தது.
வெள்ளையாகவே வந்தது.
விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து
முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன்.
தொழில் பழக்கம்.
பாஸ் என்றேன், சத்தமாகவே.

யாரிடம் பேசுகிறாய் என்று வந்தவன்
"எங்கே, சிரி" என்றான்.
சிரித்தேன்.
அவன் கண் பழைய இடத்துக்குப் போனது,
குடிமாறிப் போனவர் வீட்டுக் கதவைத்
தட்டிவிட்டு நிற்பவன்போல்
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
"நல்லாத்தான் இருக்கு" என்றான்.
அந்தத் 'தான்' எனக்குக் கேட்டது.

மேசையில் அவித்த சோளம்.
கடித்தால் கம்பி பெயரும் என்று
கத்தியால் உதிர்த்து வைத்திருந்தான்,
கோணலும் மாணலுமாக,
பாதி மணி நசுங்கி.